இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ

சுடலை அண்ணாச்சி போய்விட்டார். இன்று காலை, தாராவியில், வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக். ஐம்பத்திரண்டு வயது.

ரஃபிதான் போன் செய்தான். நாங்கள் கூடி வாசிக்கும் ஜாமில் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தாளம் தட்டுபவன். "டிபன் டப்பா கூட கட்டி வச்சிட்டாங்களாம்ணே, ட்யூட்டிக்குக் கெளம்பிட்டிருந்தாராம்" என்றான்.

அண்ணாச்சி விக்ரோலியில் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்கு ரிதம் கிட்டார். ஏழெட்டு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் செம்பூரில் என் பில்டிங் சொசைட்டி ரூமில் மூன்று பேரும் கூடுவோம்.

நான் மாட்டுங்காவில் கிளாஸுக்குப் போய்க் கற்றவன். அவர் போனில் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றவர். அவர் கார்டு பிடிப்பார், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவார்; நான் அதன் மேல் சோலோ வாசிப்பேன்.

அவருடைய ஃபேவரிட் ஏ மைனர், எஃப், சி, ஜி. நாலே கார்டு, சுற்றிச் சுற்றி... "இதுல எங்க வேணாலும் எறங்கலாம் வே. ஸ்லோ லோக்கல் மாதிரி, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்" என்பார்.

மூட் இல்லாத நாளில் டி மைனர் செவன், ஜி செவன். அவ்வளவுதான். அரை மணி நேரம் அதிலேயே ஓட்டுவார். "ரெண்டு போதும் வே. மூணாவது ஆளு வந்தாத்தான் வீட்டுல சண்டையே."

எனக்குத் தகராறு ஏ மைனர், ஜி, எஃப், இ என்று இறங்கும் வரிசையில். கடைசி இ மேஜரில், ஜி-க்கு அரை ஸ்வரம் மேலே இருக்கும் ஜி ஷார்ப்பைத் தொட்டால்தான் அழகு. என் விரல் பழக்க தோஷத்தில் ஜி-யிலேயே போய் விழும்.

அண்ணாச்சி அடுத்த சுற்றுக்குப் போகாமல் அந்த இ-யிலேயே நிற்பார். நான் ஜி ஷார்ப்பைக் கண்டுபிடிக்கும் வரை நிற்பார். "அண்ணாச்சி, தாளம் போச்சு!" என்று ரஃபி கத்துவான். "போனா போவுது. ஆளு இன்னும் வந்து சேரலல்லா" என்பார்.

எட்டுச் சுற்று முடிந்ததும் தலையாட்டி அடுத்தவருக்கு சோலோவைக் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினால் "நீரே வாசியும் வே" என்று அடுத்த சுற்றை ஆரம்பித்துவிடுவார். எத்தனை வருஷம்... ஒரு தடவை கூட வாங்கிக்கொண்டதில்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இங்கே தமிழர்கள் வருஷாவருஷம் நடத்தும் பொங்கல் விழாவின் வாட்ஸப் குரூப்பில் காலையிலிருந்து "கேப்போ அண்ணாச்சிக்கு அஞ்சலி" என்று வந்துகொண்டே இருக்கிறது. பாசமாகத்தான் போடுகிறார்கள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

கேப்போ என்பது கிட்டார் கழுத்தில், ஃப்ரெட் என்கிற கட்டங்களில் ஏதாவது ஒன்றில் மாட்டும் ஒரு கிளிப். மாட்டினால் பிடிக்கிற கார்டு அதேதான், சுருதி மட்டும் ஏறிவிடும்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய பொங்கல் விழா. பாடவந்த பெண் கடைசி நிமிஷத்தில் சுருதியை ஏற்றச் சொன்னார். அண்ணாச்சி இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு என்னைப் பார்த்து "கேப்போ ரெண்டு வே" என்று சொன்னார். நான் ஆம்ப்ளிஃபையர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

நடுவில் என் சோலோ வந்தது. காதால் கேட்டிருக்க வேண்டும். நான் அவர் விரல்களைப் பார்த்தேன்... ஏ மைனர், எஃப், சி, ஜி. நம்ம பழைய நாலு கார்டுதானே என்று நேராக ஐந்தாவது ஃப்ரெட்டில் இறங்கிவிட்டேன். கேப்போ இரண்டு கட்டம் ஏற்றியிருந்ததால் ஏழில் இறங்கியிருக்க வேண்டும்.

நாராசம். முன்வரிசையில் ஒரு மாமா முகத்தைச் சுளித்தார்.

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாசிப்பதை நிறுத்தி, கேப்போவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் இருந்த சுருதிக்கே இறங்கி வந்துவிட்டார். என் சோலோ பிழைத்தது. கைதட்டல் கூடக் கிடைத்தது. பாவம் அந்தப் பெண்ணுக்குத்தான் அடுத்த சரணம் ரொம்பக் கீழே போய்க் குரலே எழும்பவில்லை.

ஜனங்கள் பார்த்தது அவர் பாதிப் பாட்டில் கேப்போவைக் கழற்றியதை மட்டும்தான். மேடைக்குப் பின்னால் விழா செக்ரட்டரி வந்து "என்னய்யா, கேப்போவைத் தப்பா மாட்டிட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா சார். பாக்காம மாட்டிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் பெயரே 'கேப்போ அண்ணாச்சி' ஆகிவிட்டது. அடுத்த வருஷம் ரிதமுக்கு வேறு ஆளை வைத்தார்கள். அதற்குப் பிறகு அவரை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். விழாவுக்கு அடுத்த ஞாயிறு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்... "பாட்டு நல்லா வந்துச்சா வே?"

சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிறு நினைத்தேன். சொல்லவில்லை. ரஃபிக்குக் கூட இதைப் படித்தால்தான் தெரியும்.

மதியம் தாராவிக்குப் போயிருந்தேன். அவர் மனைவி செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மேடையில தப்பு பண்ணிட்டாருன்னு எல்லாரும் ஒதுக்கிட்டாவ. நீங்க ஒருத்தர்தான் தம்பி அவர விடாம கூட வச்சிருந்திய" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. நாளை காலை நேரில் போய்ச் சொல்கிறேன். குரூப்பில் இருப்பவர்கள் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள். அன்று தப்பாக வாசித்தவன் நான்.

அண்ணாச்சி... நீங்கள் கேப்போவைச் சரியாகத்தான் மாட்டியிருந்தீர்கள். போய் வாருங்கள்.