ஜெராக்ஸ் மெஷின் மேல் ஒரு மாவுப் பானை

எங்கள் டைப்பிங் சென்டரில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினின் மூடியில் வட்டமாக ஒரு தடம் உண்டு. எத்தனை துடைத்தாலும் போகாது. விசா காகிதத்துக்கு நகல் எடுக்க வருகிறவர்கள் டீ கிளாஸ் வைத்த தடம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய கிளாஸில் டீ குடிக்கிறவன் யார் என்று யோசிக்க அவர்களுக்கு ஏது நேரம்? அது காக்காவின் மாவுப் பானை உட்கார்ந்திருந்த இடம்.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அமீரகத்தின் அல் ஐன் நகரில் எங்கள் கடையை ஒட்டினாற்போல் மெஸ் வைத்திருந்தார். மற்ற நாட்களில் சோறும் மீன் குழம்பும், விடுமுறை நாள் காலையில் மட்டும் தோசை. அந்தத் தோசைக்காகத் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து வண்டி பிடித்து வந்து வரிசையில் நிற்பார்கள். உண்மையில் அந்த ஒரு காலை வியாபாரம்தான் வாரம் முழுக்க மெஸ்ஸைத் தாங்கியது. என்ன அரிசி, என்ன அளவு என்று யாராவது கேட்டால் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். "எல்லாம் இந்தக் கை தம்பி. அல்லாஹ் குடுத்தது. கடையில கெடைக்காது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

எங்கள் வரிசைக் கடைகளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் உண்டு. மின் இணைப்பு பொது. ஒவ்வொரு கடையின் உள்மீட்டரையும் பார்த்து பில்லைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒரு வருடம் கோடை பில் எகிறியதும் எங்கள் செயலாளர் கடை கடையாக ஏறி இறங்கினார். மருந்துக் கடை நடத்தும் மலையாளி அவர். உடனே ஒரு சலுகை அறிவித்தார். பழைய ஃப்ரிட்ஜையோ ஏசியையோ ஒப்படைத்தால், கரண்டை அளவாக இழுக்கும் புதியதற்குப் பாதி விலையைச் சங்கம் போடும். ஆனால் எல்லா உறுப்பினர்களும் சேர்ந்தால்தான் உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், காக்காவைத் தவிர.

அவருடைய ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் எங்கள் சுவர் அதிரும். "கடை தொறந்த அன்னைக்கு வந்தது. நோய்நொடி இல்லாம ஓடுது. அதைப் போய் எதுக்குத் தூக்கணும்?" என்பார். செயலாளர் தினமும் வந்து வாசலில் நிற்பார். "காக்கா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. யல்லா, ஒரு சைன் போடுங்க." கடைசியில் அக்கம்பக்கத்துக்காரர்கள் முகத்துக்காக மனசில்லாமல் கையெழுத்திட்டார்.

புதிய ஃப்ரிட்ஜ் வந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. அது சத்தமே போடவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று காக்கா கதவில் காதை வைத்துப் பார்ப்பார். முதல் விடுமுறைக் காலையில் மாவு பொங்கவில்லை. தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அரிசியை மாற்றினார், உளுந்தை மாற்றினார், தண்ணீர் கேனைக்கூட மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. வரிசை சுருங்கி, பிறகு காணாமலே போனது. ஒரு நாள் காலி மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போச்சு தம்பி. கை போயிடுச்சு. கலாஸ், முடிஞ்சுது. கடையைக் குடுத்துட்டு ஊருக்கே போயிடலாம்னு பாக்குறேன்." எனக்குத் தாங்கவில்லை. அவர் பழையபடி பீற்றிக்கொண்டு திரிந்தால் போதும் என்றிருந்தது.

உண்மையைச் சொல்லிக்கொடுத்தது மெஸ் பூனை. பழைய ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம்தான் அதன் படுக்கை. ஃப்ரிட்ஜ் போனதிலிருந்து என் ஜெராக்ஸ் மெஷின் மேல் குடியேறியிருந்தது. அன்று யாருடைய பாஸ்போர்ட்டையோ நகல் எடுக்க அதைத் தூக்கியபோது மூடி இதமாகச் சுட்டது. நான் மெஸ்ஸுக்கு ஓடினேன். "காக்கா, மாவுப் பானையை எங்க வைக்கிறீங்க?"

"எப்பவும் வைக்கிற எடம்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி."

அங்கே கையை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. இத்தனை குளிர்காலமும் மாவைப் பொங்க வைத்தது அந்தக் கிழட்டு ஃப்ரிட்ஜ் விட்ட சூட்டு மூச்சு. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் விளக்கி முடித்ததும் காக்கா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப கை நல்லாத்தான் இருக்கு?"

அன்றிலிருந்து குளிர்காலங்களில் கடை சாத்தும்போது பானை என் மெஷின் மேல் ஏறிவிடும். மெஷினை அணைக்காமல் போவேன். பூனை முறைத்துக்கொண்டு பக்கத்தில் படுக்கும். வரிசை திரும்பி வந்தது. அந்தக் கையைப் பற்றிய பேச்சும் திரும்பி வந்தது. குளிர்காலத்தில் மட்டும் டைப்பிங் சென்டர் மீட்டர் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று செயலாளர் கேட்டால், "இந்த மெஷினுக்குக் குளிர் ஆகாது சேட்டா" என்பேன்.

காக்கா இப்போது ஊரோடு இருக்கிறார். மெஸ் இருந்த இடத்தில் மொபைல் கடை. இந்தக் குளிர்காலத்தில் சங்கம் மறுபடியும் சலுகை அறிவித்திருக்கிறது, இம்முறை ஜெராக்ஸ் மெஷின்களையும் சேர்த்து. நேற்று செயலாளர் வாசலில் வந்து நின்றார். "எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

எனக்கு மனசே இல்லை. வீடியோவில் காக்காவைக் கூப்பிட்டேன்.

"குடுத்துருங்க தம்பி. உங்களுக்காக நான் ஃப்ரிட்ஜைக் குடுக்கலையா? ஆனா அது போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாவு வச்சுப் பாருங்க."

"எனக்கு உங்க கை கிடையாதே காக்கா."

"கையை எவன் கேட்டான்? அதான் மெஷின் இருக்கே!"

மிக்ஸியில் அரைத்து வைத்தேன். காக்கா விட்டுப்போன பானை அந்த வட்டத்தில் சரியாகப் பொருந்தியது. இன்று காலை வந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. போனைப் பானைக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். காக்கா உற்றுப் பார்த்தார். பிறகு திரை நிறைய அந்த வலது கையைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்; மெஷினை எடுத்துப்போக வண்டி மாலையில் வருகிறது. மெஷினைத் துடைத்து ஒப்படைக்க வேண்டுமாம். நான் துடைக்கப்போவதில்லை.