ஆடுகிற பல்லைக் கேட்டார்கள், மறதியைக் கேட்கவில்லை

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் என் அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மயக்க மருந்து டாக்டர் சுகர், பிரஷர், ஆடுகிற பல் வரை விசாரித்தார். எழுபது தாண்டியவருக்கு மறதி உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். மறுநாள் நைனா என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். வெறும் காற்றில் விரல்களை ஆட்டி வலை பின்னினார். வார்டு ஊழியர் அதைச் செல்போனில் படம் பிடித்துச் சிரித்தார்.

"உங்கப்பனா இருந்தா இப்படி சிரிச்சிக்கினு நிப்பியா?" என்று போனைப் பிடுங்கினேன்.

மயக்க மருந்து டாக்டரிடம் போனேன். "வயசானவங்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம்மா" என்றார்.

"சகஜம்னா ஏன் சார் முன்னாடியே எங்களாண்ட சொல்லல?"

அவர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார்.

முன்பே மறதி உள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் எளிதில் வரும் என்றும், நெற்றியில் பட்டை ஒட்டி, மயக்கம் அளவுக்கு மேல் ஆழமாகிறதா என்று மூளையைக் கவனிக்கும் கருவி உண்டென்றும் பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். மயக்க மருந்து டாக்டரிடமே திரும்பிப் போய், "நைனாவுக்கு அத்தப் போட்டீங்களா?" என்றேன்.

"போட்டாலும் குழப்பம் வராதுன்னு உறுதி இல்லம்மா."

நான் கேட்டது உறுதியை அல்ல.

போன மாதம் ஊத்துக்கோட்டை சித்திக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போடும் முன்பே அவருடைய மறதியைச் சொல்லி, அந்தக் கருவியைப் போடச் சொன்னேன். சித்தி கண் விழித்தபோது குழம்பாமலிருக்க, அவருடைய கண்ணாடியோடும் காது மெஷினோடும் பக்கத்தில் நின்றேன்.

நைனாவுக்கு இப்போது என்னைத் தெரிகிறது. வலையைக் கையில் கொடுத்தால், எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்கிறார்.