இரண்டாவது பிரேக்

வண்டி மறுபடியும் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கிளட்ச்சை டக்குனு விட்டுட்ட. மெதுவா விடு."

"மெதுவாத்தான் விட்டேன். நீங்க கத்தினதுல கால் நழுவிடுச்சு."

"நான் எங்க கத்தினேன்?"

"மனசுக்குள்ள கத்தினீங்க. எனக்குக் கேட்டுச்சு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஓட்டியது அவர் மனைவி. கல்யாணமான புதிதில், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. இன்று வண்டியை விற்கக் கிளம்பியபோது சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். பழகுநர் உரிமத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"இது எப்ப வாங்கின?"

"போன வாரம். நானும் ஒண்ணு மறைச்சேன்னு வெச்சுக்குங்க."

பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மாணவருக்குத் தெரியக் கூடாது. தானே நிறுத்தியதாக ஓட்டுபவர் நினைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை மெல்ல மிதிப்பார். தாங்கள் எதிலும் முட்டவில்லை என்ற நிம்மதியோடு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அவருடைய பயிற்சிப் பள்ளியில் ஆட்கள் சேருவது குறைந்தபோது ஆஃபீஸ் வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினார். பிறகு மகளின் படிப்புக்கு. அந்தக் கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதற்கு மூன்றாவது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தார். கவுன்டரில் உட்கார்ந்து பீஸ் வாங்கும் மனைவியிடம், ஆள் குறைந்தாலும் கட்டுப்படியாகிறது என்றார். அவள் நம்பினாள். ஒரு நாள் டை கட்டிய ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். புது மாணவர் என்று நினைத்து, எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்டாள். "பணம் கட்ட உங்க வீட்டுக்காரருக்கு எந்த நேரம் வசதிப்படும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

வக்கீலிடம் போனார்கள். திவால் மனு போட்டால் கடன் போய்விடும், ஆனால் பள்ளியின் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்க முடியாது என்றார் வக்கீல். திவால் என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டர் எழுந்துவிட்டார். மூன்று கார்டும் ஒரே வங்கியுடையவை. அந்த வங்கிக்கே போய்ப் பேசினார். மொத்தத்தில் பாதிக்கும் குறைவாக, வெள்ளிக்கிழமைக்குள் ஒரே தவணையில் கட்டினால் மீதியை விட்டுவிடுகிறோம் என்றாள் அங்கிருந்த பெண். ஆனால் முழுதாக அடைத்தவர் என்று பதிவாகாது. பேசி முடித்தவர் என்றுதான் வரும். சில வருஷங்களுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

"அது ஒண்ணுதான் நல்ல சேதி," என்றாள் மனைவி.

அந்தத் தொகைக்கு வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. லைசென்ஸ் மிஞ்சும், ஓட்ட வண்டி இருக்காது.

பாலத்தின் ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. அவள் கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டியை உறுமலிலேயே நிறுத்திவைத்தாள்.

"ஹாஃப் கிளட்ச்ல பிடிச்சுக்கிட்டே நிக்காத. பிளேட் கருகிடும். ஹேண்ட் பிரேக் போடு."

"மாசாமாசம் கொஞ்சூண்டு கட்டிக்கிட்டே நின்னீங்களே, அது கருகலையா?"

பச்சை விழுந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்தது. அவர் கால் தானாகப் போய் மிதித்தது.

"காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல. தெரியுது."

இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஆஃபீசைக் காலி பண்ணியிருப்பேன். நம்ம மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை போட்டா போதாதா? அந்தக் கண்ணாடிக் கதவு யாருக்கு?"

வாடகை மிச்சமாகியிருந்தால் இரண்டாவது கார்டே தேவைப்பட்டிருக்காது. இந்தக் கணக்கு அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்கும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டிவைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஏதோ கெட்ட வார்த்தை கேட்டது. வண்டி குலுங்கி, முனகி, ஏறியது.

வண்டியை வாங்கியவன் அவருடைய பழைய மாணவன். பயத்தில் ஹாரனை விடாமல் அடித்ததால் ஹாரன் என்று பெயர் வைத்தது மாஸ்டர்தான். இப்போது பெரிய பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறான்.

"அக்காவா ஓட்டிட்டு வந்தாங்க? எப்படி மாஸ்டர்?"

"நீ ஓட்டினதுக்குப் பரவாயில்ல."

ஹாரன் சிரித்தான். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்தான். "நாளையிலேர்ந்து நம்மகிட்டயே வந்துடுங்க மாஸ்டர். சம்பளம் பேசிக்கலாம்," என்றான். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வங்கி திறந்ததும் மாஸ்டர் பணத்தைக் கட்டினார். கணக்கு முடிந்ததற்கான தாளை மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆஃபீசுக்குப் போய் போர்டைக் கழற்றினார். கண்ணாடிக் கதவின் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தார். மதியம் பஸ்ஸில் ஹாரனின் பள்ளிக்குப் போனார். அவருடைய பழைய வண்டியை வேறு ஒருவர் எடுத்துப் போயிருந்தார். அவருக்கு ஒரு வெள்ளை வண்டி கொடுத்தார்கள். இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். இருட்டும்போது வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாடு போட்டாள். எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டாள். ஒரு ரூபாயைக்கூட மறைக்காமல் சொன்னார்.