அஞ்சு விரலுக்கு அஞ்சு பாயிண்ட்

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற பஸ்ஸில் சன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அமரவிளையில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் இருந்தாள். வெள்ளைக் கோட்டை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரித் தரை கழுவும் லோஷன் மணமும் அவளோடு ஏறி வந்தது. அந்த மணம் பட்டதுதான் தாமதம், என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது. பொத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மறைக்க அங்கே இப்போது ஒன்றுமில்லை. கைக்குப் பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "நைட் பிளைண்ட்னஸ், டிரைனஸ்..." என்று போகிறது. வைட்டமின் ஏ! எனக்கு அந்தப் பதில் தெரியும். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு நர்ஸிங் பரீட்சைக் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் தெரியும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அத்தனையும் பயந்து பயந்து படித்தது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் டீச்சர் கேள்வித்தாளை நீட்டியதும் வெளியே ஓடியவள், பிறகு உள்ளே போகவேயில்லை. வீட்டில் திட்டினார்கள். சர்ச் உபதேசியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். கடைசியில் அம்மை போய்க்கொண்டிருந்த அண்டியாபீஸுக்கு நானும் போகத் தொடங்கினேன். முந்திரிப் பருப்பு எடுக்கிற ஃபாக்டரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். தரையில் இருந்துகொண்டு, வறுத்த அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, கட்டையால் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். அந்தத் தோட்டில் ஒரு கறுத்த எண்ணெய் உண்டு, அண்டிப்பால் என்போம். பட்ட இடம் வெந்து தோல் உரியும். அதற்காகக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொள்வோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் புகை மணம் போகாது. முடியில்கூட இருக்கும்.

பரீட்சைக்குப் பயந்து ஓடிய எனக்குக் கடைசியில் வாய்த்த வேலை என்ன தெரியுமா? தினமும் கேள்வி கேட்பது!

என் அக்கா எஸ்தர் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தொண்ணூறுகளின் நடுவில் அவள் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் போவாள். பரீட்சைக்கு முன்னால் மூன்று வாரம் லீவு கிடைக்கும். அவளிடம் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்தது. சத்துணவு, நோய்கள், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஆரோக்கியக் காரியங்கள் என்று மூன்று பாகம். கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு வாசிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு கேள்வியின் கீழும் பதிலின் கீழும் தமிழில் சின்னதாக எழுதியிருப்பாள். கேட்டு முடித்த கேள்விக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும்.

அவள் பதில் சொல்லுகிற விதம் தனி. என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு பாயிண்ட் சொல்லி என் சுண்டுவிரலை மடக்குவாள். அடுத்ததைச் சொல்லி மோதிரவிரலை மடக்குவாள். பெருவிரல் மடங்கினால் பதில் முழுசு. அவளுக்கே இரண்டு கை இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்க விரல மடக்கினா மறந்து போவுதுட்டி. உனக்க கையப் பிடிச்சாத்தான் ஓர்மை வருது," என்றாள்.

இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அதையே நம் பேச்சில் எனக்கு விளக்குவாள். எனக்குப் புரிந்தால் அவளுக்கு மறக்காதாம். கஷ்டகாலம், எனக்கு நன்றாகவே புரிந்தது.

சாயங்காலம் கேட்ட நோய் காலையில் எனக்கு வந்துவிடும். மாலைக்கண்ணைக் கேட்ட மறுநாள், பொழுது சாயும்போது ரப்பர் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பின்வரிசை மங்கலாகத் தெரிந்தது. அரைமணி நேரம் அழுதேன். கழுத்துக் கழலையைக் கேட்ட அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் விழுங்கி விழுங்கி வயிறு உப்பிப்போனது. பேய்நாய்க்கடியைப் படித்த வாரம், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எப்போதோ காலை நக்கியது ஞாபகம் வந்து, தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா என்று மணிக்கொரு தரம் செம்பை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தது. தண்ணீரைக் கண்டா, நோயை நினைத்தா என்றுதான் தெரியவில்லை.

"இவளக் கொண்டு ஒரு ஆஸ்பத்திரியே நடத்தலாம் அம்மா, எல்லா நோயும் இவளுக்க கிட்ட உண்டு," என்று அக்கா கேலி செய்வாள். அம்மை மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்தபடி, "ஒனக்கு வந்த ஒரே நோய் பேடியாக்கும் மக்கா," என்பாள். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம்.

அந்தக் கேலியெல்லாம் நாற்பத்தியிரண்டாம் பக்கம் வரைக்கும்தான்.

கடைசி வருஷப் பரீட்சைக்கான லீவில் முதல் நாளே, அக்கா குளிக்கப் போன நேரம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று நோட்டைப் புரட்டினேன். குஷ்டரோகத்தைப் பற்றி ஐந்து குறிப்பு எழுதுக. கீழே தமிழில் சின்ன எழுத்து. தோலில் நிறம் மங்கிய படை. அந்த இடத்தில் தொடு உணர்ச்சி இல்லாமை. கைவிரல்களில் மரத்துப்போதல். நரம்பு தடித்தல்.

என் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ! வலது கைச் சுட்டுவிரலால் தொட்டேன். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊக்கை எடுத்து விரல்நுனியில் குத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். ஊக்கின் முனை தோலுக்குள் நிற்கிறது, எனக்கு வலியே இல்லை. நோட்டை மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

எங்கள் வழியில் கால்வாய்க்கு அப்பால் தங்கையன் என்று ஒருவர் தனியே இருந்தார். அவருக்கு அந்த நோய் என்று ஊரில் சொன்னார்கள். அவர் தங்கச்சிக்கு நிச்சயம் வரைக்கும் வந்த கல்யாணம் நின்றுபோனது. ஊரார் அவருக்கான கஞ்சியைக் கால்வாய்க் கரையில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். நானும் ஒருமுறை அப்படி வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். இனி அந்தக் கல்லில் எனக்கும் சேர்த்து வைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. தங்கச்சிக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தால் அக்காவை நர்ஸிங் ஸ்கூலில் வைத்திருப்பார்களா? வீட்டில் இப்படி ஆளை வைத்துக்கொண்டு யாருக்கு ஊசி போடுவாள்? அவளைத்தான் யார் கட்டுவார்கள்? எங்கள் வீட்டில் கரைசேரப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அன்று முதல் நான் கையைக் கொடுக்கவில்லை. புளியங்கொட்டை பொறுக்கி வந்து ஒரு பாயிண்டுக்கு ஒன்றாக வைக்கலாம் என்றேன்.

"என்னட்டி புது கூத்து? கையக் கொண்டா."

"கை முழுக்க அண்டிப்பாலு. உனக்க கையில ஒட்டும்."

"இம்பிடு காலமும் ஒட்டாத பாலா?"

நான் கொடுக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள். ஆனால் நாலாவது பாயிண்டில் தடுமாறத் தொடங்கினாள். நன்றாகத் தெரிந்த வயிற்றுப்போக்குக் கேள்வியில்கூட உப்புசர்க்கரைத் தண்ணீரை மறந்து முழித்தாள். என்னால்தான் என்று தெரியும். ஆனாலும் கையைக் கொடுக்கப் பயம். தட்டை மாற்றினேன், டம்ளரை மாற்றினேன், அவள் பாயில் படுக்காமல் அடுக்களையில் படுத்தேன். நாற்பத்தியிரண்டாம் பக்கம் வந்தால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் பதிலைச் சொல்லுவாள். சொல்லும்போது என்னைப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துபோகும்.

அண்டியாபீஸில் பக்கத்தில் இருந்து தட்டுகிற பெண்களிடம் கையை நீட்டிக் காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எல்லார் கையும் என் கையைப் போலத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. பயந்தவளுக்குத் தன் கை மட்டும்தான் கண்ணில் படும்.

திங்கட்கிழமை பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மத்தியானம் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டை உள்ளே வைக்குமுன் ஒரு தடவை விரித்துப் பார்த்தாள். எல்லாக் கேள்விக்குப் பக்கத்திலும் என் பென்சில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"இத நீ ஒரு நாளும் கேக்கல்லியே?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"எட்டி, நாளைக்குப் பரீட்சை. முக்கியமான கேள்வியாக்கும் இது. தெரிஞ்சுகிட்டா விட்டே?"

அவள் கோபப்பட்டால் முகம் சிவக்கும். சிவந்த முகத்தோடு என் கையைப் பிடிக்க வந்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தொடாண்டாம்! என்னத் தொடாண்டாம் அக்கா!" என்று அலறினேன். அடுக்களையிலிருந்து அம்மை ஓடிவந்தாள். மணிக்கட்டை நீட்டிக் காட்டினேன்.

அக்கா பக்கத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிவப்பு இறங்கி வெளுத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. அவளும் பயந்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆனால் அவள் தலையணை ஓட்டையிலிருந்து கொஞ்சம் இலவம்பஞ்சைப் பிடுங்கி நூலாகத் திரித்தாள். என்னை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தாள்.

"கண்ண அடை. நான் தொட்டா 'உண்டு'ன்னு சொல்லு. தொடாத நேரம் சொன்னா அடி விழும்."

கண்ணை மூடினேன். முழங்கைக்குக் கீழே பஞ்சு பட்டது. "உண்டு." உள்ளங்கையில் பட்டது. "உண்டு." பிறகு நீளமாக ஒன்றும் இல்லை. எனக்கு வேர்த்தது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி.

"உண்டு?"

"எங்க?"

"மணிக்கட்டுல."

"வட்டத்துக்க நடுவுலயாக்கும் தொட்டேன்," என்றாள். இன்னும் மூன்று தடவை அங்கேயே தொட்டாள். மூன்று தடவையும் எனக்குத் தெரிந்தது. மரத்துப்போன விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வட்டமும் மரத்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு விரல்நுனிகளுக்குப் போனாள். அங்கே நான் வாய் திறக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் சுட்டுவிரல்மேல் நின்றுகொண்டிருந்தது.

அம்மை தன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் நோக்கு," என்றாள்.

அம்மை கண்ணை மூடி உட்கார்ந்தாள். அக்கா பத்து விரல்நுனியிலும் பஞ்சை வைத்தாள். அம்மை, "தொடுதியா, தொடல்லியா? சீக்கிரம் தொடு, அடுப்புல மீன் கெடக்கு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மை கண்ணைத் திறந்து, "இது அண்டிப்பாலு தின்ன விரலாக்கும் பிள்ளே. எத்தன வருசமா தட்டுதேன்! உனக்க மணிக்கட்டுல போன மாசம் பாலு தெறிச்சு வெந்துது, நாந்தானே எண்ணெ போட்டேன், மறந்து போச்சா?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தது. பயம் வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

நான் சிரித்தேன், அம்மை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அம்மை கையை ஒரு பக்கமும் என் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் விரல்நுனியில் உணர்ச்சி இருந்தது அவளுக்கு மட்டும்தான். அது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"இது எந்தக் கேள்வியிலயும் இல்லியே," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "கேளு." கேட்டேன். என் விரல்களை மடக்கினாள். நிறம் மங்கிய படை. உணர்ச்சி இல்லாமை. மரத்துப்போதல். நரம்பு தடித்தல். பெருவிரலுக்கு நான் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் முதல் வரியிலேயே இருந்தது: மாத்திரை உண்டு, முழுவதும் குணமாகும். மூன்று வாரமாக நான் திருப்பாத பக்கம்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வரவேயில்லை. வயிற்றுப்போக்குதான் வந்ததாம். உப்புசர்க்கரைத் தண்ணீரை மறக்காமல் எழுதினாளாம்.

தங்கையனுக்குக் கஞ்சி கொண்டுபோனால் அதன்பிறகு நான் கல்லில் வைக்கவில்லை. கையில் கொடுத்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள், கொடுத்த அவசரத்தில் பாதிக் கஞ்சி சிந்தியது. அடுத்த லீவில் அக்கா அவரைக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது தங்கையனும் இல்லை, அந்தக் கல்லும் இல்லை. கால்வாயை மூடி ரோடு வந்துவிட்டது. அண்டியாபீஸ் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அம்மை போய்ப் பதினொரு வருஷம். நீல நோட்டைச் செல்லரித்துவிட்டது. அக்கா கடல் தாண்டி ஏதோ குளிர்நாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் தெரியும். எனக்கு வந்த புது நோய்களை வரிசையாகச் சொல்லுவேன். கேட்டுச் சிரிப்பாள்.

பஸ்ஸில் அந்தப் பெண்ணின் காதில் வெள்ளையாகச் சின்னதாக ஏதோ இருந்தது. அதற்குள்ளிருந்து யாரோ கேள்வி கேட்கிறார்கள்போல. அவள் பதில் சொல்லித் தன் விரல்களைத் தானே மடக்கினாள். நாலு மடங்கியது. ஐந்தாவது வரவில்லை. கண்ணைச் சுருக்கி யோசித்தாள். என் கை மடியில் விரிந்து கிடந்தது. அண்டி தட்டுவதை நிறுத்திய இரண்டாம் வருஷமே விரல்நுனிகளுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. சீலையின் நூல்கூட இப்போது தெரிகிறது. கையைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினேன். பயமாக இருந்தது, அந்நியப் பிள்ளையல்லவா! வெள்ளறடை ஸ்டாப் வந்ததும் அவள் என் கையைப் பார்க்காமலே, மடங்காத பெருவிரலை நீட்டியபடியே இறங்கிப் போனாள்.