சம்சுதீன் சாருக்குத் தெரிந்த கேள்வி

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்காகக் காத்திருந்தபோது அலைபேசி ஒலித்தது. எங்கள் பயிற்சி மையத்தின் பொறுப்பாளர் பேசினார். "சார், நம்ம சம்சுதீன் சார் தவறிட்டாங்க. குளிருக்கு ரூமுக்குள்ள கரிச்சட்டி வச்சிருந்திருக்காங்க. ஜன்னல் எல்லாம் பூட்டிக் கெடந்துச்சாம்."

"யாரு, நம்ம சயின்ஸ் சாரா?" என்று கேட்டேன். அதிர்ச்சியில் வந்த அசட்டுக் கேள்வி. அதே கேள்வியைப் பிறகு ஊரும் கேட்டது, வேறொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடைக்கானல் கடைவீதியில் கம்பளிக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் சம்சுதீன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அரசுப் பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அறிவியல் நடத்த வந்தார். நான் பழனிக்காரன், கணக்கு நடத்துகிறவன். ஒரே மேசையில் பல வருடங்கள் தேநீர் குடித்தோம், ஓயாமல் சண்டையும் போட்டோம்.

இளம் வயதில் அவரும் அந்தத் தேர்வை எழுதியவர்தான். மயிரிழையில் வேலை போயிற்று. 'தவறான கூற்று எது' என்று கேட்டிருந்த இடத்தில், முதல் கூற்று சரியாக இருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் அதன் வட்டத்தையே கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்கு அத்துப்படியான பாடம் அது. "கஷ்டமான கேள்வியில போயிருந்தா மனசு ஆறியிருக்கும் சார். இது ஆற மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால்தானோ என்னவோ, வகுப்பில் அவர் எளிய கேள்விகளைக் கட்டிக்கொண்டு அழுவார். கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து, அதை வாய்விட்டு வாசித்த பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். குடும்பஸ்தர்கள் எல்லாம் விரல் வைத்து முணுமுணுப்பதைப் பார்த்து, "என்ன சார், பால்வாடி நடத்துறீங்களா?" என்று கேலி செய்வேன்.

"சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. ஒங்க கிளாஸ்ல கூட்டல்ல கோட்ட விடுறவுகளும் எங்கிட்டதான் வந்து அழுகுறாக" என்பார். அது உண்மை என்பதால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சில காலம் கழித்து, எங்கள் மலைக்கிராமமான போளூரிலிருந்து ராணி என்ற பெண் படிக்க வந்தார். பூண்டுக் காட்டில் வேலை, வீட்டில் கைக்குழந்தை. ஒரு மாதிரித் தேர்வில் எல்லோரும் திணறிய கேள்விகளைச் சரியாகப் போட்டவர், இந்த மலையில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றைத் தவறவிட்டார். மூடிய அறையில் கரி எரிந்தால் உண்டாகும், உயிரைக் குடிக்கும் வாயு எது? எங்கள் ஊர்க் குளிரை நினைத்து ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் சம்சுதீன் அதைச் சேர்ப்பார். 'ஃப்ரீ மார்க்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். ராணி கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த கார்பன் டை ஆக்சைடைக் கருப்பாக்கியிருந்தார்.

"எனக்கு இது தெரியும் சார்" என்றார் அழாத குறையாக.

"தெரியும்ங்கிறதுனாலதான் தப்பு விட்டீங்க. தெரியாட்டி ரெண்டு தடவ வாசிச்சிருப்பீங்கள்ல?" என்றார் சம்சுதீன். கோபமே இல்லாமல் சொன்னார்.

அவர் இறந்த அன்று அவருடைய மனைவி நூர்ஜஹான் பழனியில் மகள் வீட்டில் இருந்தார். மாலையிலிருந்து அடைமழை, மின்சாரம் இல்லை. தொப்பலாக நனைந்து அட்டுவம்பட்டி வீட்டுக்குத் திரும்பிய சம்சுதீன் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இங்குள்ள வீடுகளில் சட்டி உள்ளே வந்தால் ஜன்னலை ஒரு கை நுழையும் அளவு திறந்துவைப்பார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அடக்கத்தன்று வாசலில் நின்ற ஒருவர் என் காதுபடவே பேசினார். "ஊருக்கே பாடம் சொன்ன மனுசன். தெரியாமயா செஞ்சிருப்பாரு? என்ன மனக்கஷ்டமோ." அந்த ஆளை அறைந்திருப்பேன். இடம் தடுத்தது.

பேச்சு வீட்டுக்குள்ளும் போய்விட்டது. சில நாள் கழித்து ராணியும் நானும் துக்கம் விசாரிக்கப் போனோம். கணவரை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் நூர்ஜஹான் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே என்னிடம் பேசினார்.

"சார், அவுக ஒங்ககூடத்தானே இருந்தாக. எதுவும் மனசு வெறுத்துப் பேசுனாகளா? சட்டியக் கொண்டாந்து வைக்கிறது எப்பவும் அவுக சோலி. ஜன்னலத் தெறக்குறது என் சோலி. நான் இல்லாதப்ப தெறக்கணும்னு அவுகளுக்குத் தெரியாதா?"

ராணிதான் பேசினார்.

"தெரியும்மா. தெரியும்ங்கிறதுனாலதான் சாரு விட்டுட்டாக."

அதன் பிறகுதான், செய்தி கேட்டு ஓடிப்போன அன்று அந்த அறையில் நான் பார்த்ததைச் சொன்னேன். கரிச்சட்டிக்குப் பக்கத்தில் அவருடைய நனைந்த ஷூக்கள் இருந்தன. நாடாவை உருவிவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, சட்டியைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்திருந்தார். காலை வகுப்புக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? நான் தொட்டுப் பார்த்தபோது நன்றாகக் காய்ந்திருந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அது வேறு அழுகை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

சம்சுதீன் சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த ஜன்னலில் ஒருமுறை விரலை வைத்திருக்கக் கூடாதா? போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வை நானே நடத்துகிறேன். கரிச்சட்டிக் கேள்வி அதில் இருக்கும். ஃப்ரீ மார்க் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.