நானூறு பேரை வழிநடத்திய கதை

வெளிநாட்டு வணிகக் கல்லூரி ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்ட வருடம், ஆவடியில் என்னைவிடப் பெரிய அறிவாளி கிடையாது என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். அப்பாவும் கொஞ்சம் நம்பினார். ஆனால் அவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அச்சடித்த தாளில் எது வந்தாலும் நம்பிவிடுவார். அவர் நம்பிக்கையைக் கணக்கில் சேர்க்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்லூரியிலிருந்து ஒரு கையேடு தபாலில் வந்திருந்தது. வழவழத் தாள். அட்டையில் நாலு பேர் புல்வெளியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உள்ளே எந்தப் பக்கத்திலும் போடவில்லை. கட்டணம் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்ததும், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உதவித்தொகைக்கு இரண்டு கட்டுரைகளும் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்டிருந்தார்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அப்பா சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டார். “நம் சகோதரரின் மகன் மேற்படிப்புக்காக அயல்நாடு செல்கிறார்” என்று சபைப் போதகரான ஐயர் மைக்கில் வாசித்தார். செல்ல முயல்கிறார் என்று வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஆண்டவர் சந்நிதியில் சந்தேகத்தோடு பேசக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. விளைவு, அடுத்த ஞாயிறு சேக்காட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்து “இன்னும் போகலையா?” என்று கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு “இன்னுமா போகலை?” என்றார். மூன்றாவது ஞாயிறு ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நான் விடாமல் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் போகும் மின்சார ரயிலில், தொங்கிக்கொண்டு போகிறவர்களின் முழங்கைகளுக்கு நடுவே, இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் வணிகப் பத்திரிகையை விரித்துப் படிப்பேன். படிப்பேன் என்றால் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலை நாட்டு விருந்துகளில் கையில் கிளாசோடு நின்றபடியே பேசுவார்கள், அங்கேதான் தொழில் தொடர்புகள் உருவாகும் என்று கையேடு சொன்னது. அதையும் பழகினேன். ஒரு டம்ளர் மோரோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, அம்மாவிடம் பணவீக்கம் பற்றிப் பேசினேன். “கொஞ்சம் நகரு, கஞ்சி வடிக்கணும்” என்றாள். என் முதல் தொழில் தொடர்பு அதோடு முறிந்தது.

ஒரு கட்டுரையில், என் தலைமைப் பண்பு வெளிப்பட்ட தருணத்தை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் லீடராக இருந்து, பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுதியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது கடைசியில் என் பெயரையும் எவனோ எழுதி வைத்திருந்தான். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் உதவித்தொகை வராது.

அப்போது பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் கொள்முதல் உதவியாளனாக இருந்தேன். எனக்கு நாற்காலி உண்டு, மேசை கிடையாது. பட்டறையில் இருபத்திரண்டு தொழிலாளர்கள். முந்தின கோடையில் குடிதண்ணீர் உப்புக்கரிக்கிறது என்று அவர்கள் அரை நாள் மெஷினை நிறுத்தினார்கள். மத்தியானம் முதலாளி தண்ணீர் லாரியை வரவழைத்தார்; விஷயம் முடிந்தது. அதில் என் பங்கு, இடைப்பட்ட நேரத்தில் முதலாளிக்கு பஜ்ஜி வாங்கி வந்தது. கட்டுரையில் நான் பஜ்ஜியை எடுத்துவிட்டு, லாரி இருந்த இடத்தில் என்னை நிறுத்தினேன். இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வந்தவன், கொந்தளித்த கூட்டத்தை அமைதிப்படுத்தியவன். எழுத எழுத எனக்கே கண் கலங்கியது.

பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனபோது முதலாளி, அந்தக் காலத்தில் எல்லா முதலாளிகளும் சொன்னதையே சொன்னார். “நீயே எழுதிட்டு வாய்யா, கையெழுத்துப் போட்டுத் தரேன்.” தனக்குத் தானே நற்சான்று எழுதிக்கொள்வது எங்களிடையே தப்பே கிடையாது, நல்ல ஆங்கிலத்தில் எழுதாவிட்டால்தான் தப்பு. கட்டுரையில் இருந்த வீரச்செயலைக் கடிதத்திலும் போட்டேன். இருபத்திரண்டு பேர் என்றால் அந்தப் புல்வெளிக்காரர்கள் மதிப்பார்களா? நானூறு என்று எழுதினேன். ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்துவாங்கி வெள்ளிக்கிழமை கொடுத்தேன். நான் செய்த பிழை ஒன்றுதான். முதலாளிகள் இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். என் முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. கத்திரி வெயில் நேரம். சனிக்கிழமை முதலாளி அறையில் சீலிங் ஃபேன் எரிந்துபோயிருக்கிறது. அவர் திங்கள் காலை சீக்கிரமே வந்து, பட்டறையில் லேத் மெஷின்களுக்கு நடுவே இருந்த பெரிய ஸ்டாண்ட் ஃபேனைத் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஒரே ஃபேன் அது. ஷிஃப்டுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், மெஷின்களின் ஸ்விட்சை அணைத்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அந்த ஃபேனின் காற்றில் அவர் மேசைமேல் என் கடிதம் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்தது. நானூறு பேர் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறை பெரிசாகத் தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

“உனக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு எனக்கே தெரியாம போச்சுய்யா. லாரி வந்ததாலதான் அன்னிக்கு அடங்கினாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார். குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “போய்ப் பேசு. மெஷின் ஓடட்டும். ஓடின உடனே கையெழுத்து.”

கடிதம் அன்றைக்கே போயாக வேண்டும். பதிவுத் தபால் கவுன்ட்டர் மூன்றரைக்கு மூடிவிடும். அதை விட்டால் கல்லூரி கொடுத்த கெடுவுக்குள் போய்ச் சேராது. ஃபேனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே சார் என்று சொல்லிப் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு நீ எதற்கு என்கிற மாதிரி பார்த்தார். நியாயமான பார்வை.

பட்டறைக்குள் போனேன். அங்கே எல்லோரும் யார் பேச்சைக் கேட்பார்களோ, அவர் லேத் ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்கியவர். வேஸ்ட் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“இன்னா நைனா, சமாதானம் பேச வந்துகினு கீறியா?”

ஆமாண்ணே என்றேன்.

“நானூறு பேர வச்சி மேய்க்கிறியாமே. நாங்க இருபத்திரெண்டு பேருதான் கீறோம். மீதிப் பேர எங்க ஒளிச்சி வச்சிகீற?”

ஆவடி மார்க்கெட்டில் எத்தனையோ டைப்பிங் கடைகள் உண்டு. நான் தேடிப்போனது அவருடைய மச்சான் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடிதத்தின் சாரம் பட்டறைக்கு வந்துவிட்டிருந்தது. தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவைத்த மகான் யார் என்று அவர்கள் இரண்டு நாளாகச் சிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். ஒருவன் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டான். இன்னொருவன், அண்ணாத்தே அப்படியே போய் நாலு பஜ்ஜி வாங்கியாந்தா நாங்களும் அமைதியாயிடுவோம் என்றான்.

கையேட்டில் பேச்சுவார்த்தைக் கலை என்று ஒரு பாடமே உண்டு. எதிர்த்தரப்பின் தேவையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எதிர்த்தரப்பின் தேவை ஃபேன். அதை அறிந்துகொள்ள வணிகக் கல்லூரி வேண்டாம், வியர்த்தால் போதும். நான் மாற்றி மாற்றிப் பேசினேன். காலையில் அவருக்கு, மாலையில் உங்களுக்கு என்றேன். பட்டறையின் எதிர்காலம் என்றேன். மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. அவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கழுவி, கவிழ்த்தும் வைத்துவிட்டார்கள். யாருமே என்னோடு சண்டைகூடப் போடவில்லை. சண்டை போடும் அளவுக்கு நான் ஆளாகத் தெரியவில்லை.

அப்புறம் நான் அதைச் செய்தேன். எந்தக் கட்டுரையிலும் எழுதாதது. லேத்துக்காரரிடம் போய், முதலாளி நாளைக்குப் புது ஃபேன் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார் என்றேன். முதலாளி அப்படி எதுவும் சொல்லவில்லை.

“அவுரு வாயாலயே சொன்னாரா?”

“ஆமாண்ணே. இப்பதான்.”

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஓட்டை வாளியைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உன் லெட்டரு இன்னிக்கே போவணுமா?”

“மூணரைக்குள்ள.”

“சரி. அவுரு கையெழுத்து போட்டு, நீ ஒட்டிகினு, கேட்டத் தாண்டற வரைக்கும் ஓடும். அப்பால நாங்க பாத்துக்கறோம்.”

பின்னாலிருந்த இளவட்டம் ஒருவன், இன்னாண்ணே இவன் புளுவுறான்னு தெரிஞ்சே ஓட்டச் சொல்றியே என்றான். அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

“போவட்டும்டா. இங்க இருந்து மட்டும் இன்னாத்த கிழிக்கப் போறான்.”

மெஷின்கள் ஓடத் தொடங்கின. முதலாளி அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் முகத்தை நான் மறக்கவே முடியாது. என்னைப் பெருமையாகப் பார்த்த முதல் முகம். எப்படிய்யா சாதிச்ச என்றார். இரு தரப்புக்கும் ஆதாயம் வரும்படி பேசினேன் என்றேன், கையேட்டு ஆங்கிலத்தில். அவர் தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். கையெழுத்தைப் போட்டவர், பேனாவை மூடவில்லை. உட்கார்ந்து, யோசித்து, தன் கையாலேயே கீழே ஒரு வரி சேர்த்தார். இன்றும் இவர் இதேபோல் ஒரு நெருக்கடியைத் தீர்த்துவைத்ததை நான் நேரில் கண்டேன் என்று அர்த்தம். அந்தக் கடிதத்தில் நான் எழுதாத ஒரே வரி அது. அதுவும் பொய்தான், ஆனால் எழுதியவருக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று பத்து. கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். பத்து மிதி மிதித்திருப்பேன். உள்ளே முதல் லேத் நின்றது. அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாம். கடைசியில் டிரில்லிங் மெஷின் கொஞ்சம் இழுத்து, அதுவும் நின்றது. நான் கேட்டைத் தாண்டும் வரை காத்திருந்தவர்கள், சொன்ன நேரம் தவறவில்லை. முதலாளி கேட்டுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அது கேள்வி மாதிரி இருந்தது. நான் சைக்கிளில் நிமிர்ந்து நின்று மிதித்தேன். கவுன்ட்டர் மூட நான்கு நிமிடம் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. தபால் ஆபீசிலிருந்து திரும்பும்போதே சைக்கிளைப் பக்கத்துப் பட்டறை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

உதவித்தொகை கிடைத்தது. உங்கள் நிறுவனத் தலைவர் தன் கைப்படச் சேர்த்திருந்த கடைசி வரி தேர்வுக் குழுவை வெகுவாகக் கவர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதைச் சர்ச்சில் ஸ்தோத்திர விண்ணப்பமாகக் கொடுத்தார். ஐயர் வாசித்தபோது சேக்காட்டு அக்கா எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பட்டறைக்குள் ஃபேன் திரும்பிப் போனதா, மெஷின்கள் எத்தனை நாள் நின்றன, முதலாளி அவர்களிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. விமானம் ஏறும் வரை இருந்த இரண்டு மாதமும் டவுனுக்கு அதே ரயிலில்தான் போய்வந்தேன். பட்டரவாக்கம் வரும்போது பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வேன். அப்போதுதான் அதை முதல்முறையாக, ஒரு வரி விடாமல், உண்மையிலேயே படித்தேன்.