சொல்லாமல் வாங்கிய அச்சு

டெல்மர் ஹாக் காரீயத்துக்குப் பயந்த மனிதர். அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு மரமில்லில் ரம்பங்களுக்குப் பல் தீட்டி முப்பது வருஷம் உழைத்தவர். பத்து விரலும் முழுசாக இருக்க ஓய்வு பெற்றவர்கள் அந்த மில்லில் குறைவு. அந்தப் பத்து விரலை வைத்துக்கொண்டு அவர் அனுபவித்த ஒரே ஆடம்பரம், தன் கைத்துப்பாக்கிக்குத் தானே குண்டு வார்த்துக்கொள்வது. டயர் கடையில் கழித்துப்போடும் காரீயச் சக்கர எடைக்கட்டிகளைக் கார் கொட்டகையில், திறந்த காற்றில் உருக்குவார். மெழுகுத்துண்டு போட்டுக் கசடெடுத்து, அச்சில் ஊற்றித் தட்டுவார். முடித்ததும் கொல்லைக் குழாயில் மூன்று தடவை கை கழுவி, சட்டையை வெளியே கழற்றிப் போட்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். துப்பாக்கிக் கிளப்பில் அவருக்கு 'நர்ஸம்மா' என்று பேர்.

மனைவி ரோவீனா அவருக்கும் ஒரு படி மேல். கல்யாணமான புதிதிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: காரீயத்தைத் தொடமாட்டேன், வேண்டுமானால் பித்தளை என் பொறுப்பு. சுட்டுக் காலியான பித்தளைத் தோட்டா உறைகளை, மறுபடி நிரப்புவதற்காக, மக்காச்சோளச் சக்கைத் தூளோடு குலுக்கு எந்திரத்தில் போட்டால் புதுசு போல மின்னும். எந்திரத்தின் சத்தம் கூடத்துக்குக் கேட்கக்கூடாதென்று துணி துவைக்கும் அறையில் வைத்திருந்தார்கள். குலுங்கி முடிந்ததும் ரோவீனா அதையெல்லாம் ஒரு பழைய சல்லடையில் அள்ளி, மாவு சலிப்பதுபோலச் சலித்து உறைகளைப் பிரித்தெடுப்பாள். குளிர் நாட்டில் ஜன்னலை யார் திறந்து வைக்கிறார்கள்? தனக்கு வாய்த்தது சுத்தமான வேலை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு மறதி வந்தது. அடுப்பை அணைக்க மறந்தாள். இருபது வருஷமாகப் போய்வரும் சர்ச்சிலிருந்து திரும்பும்போது வேறு பாதையில் திரும்பி, ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு அழுதாள். தலைவலி, வயிற்றுவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். அவளுடைய அம்மாவுக்கு அறுபத்தொன்றில் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டார். ரோவீனாவுக்கு இப்போது அறுபத்திரண்டு. அந்தக் கணக்கை இரண்டு பேரும் மனசுக்குள் போட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் டெல்மர் ஒரு கேவலமான காரியம் செய்தார். ஒரே ஊற்றில் ஆறு குண்டு விழும் புது அச்சு ஒன்றை அவளிடம் சொல்லாமல் தபாலில் வரவழைத்திருந்தார். வீட்டில் ஏற்கெனவே ஏழு அச்சு. பெட்டியைப் பார்த்துவிட்டு இது எப்போது வாங்கியது என்று அவள் கேட்டதும் பொய் தன்னால் வந்துவிட்டது.

"போன செவ்வாய்க்கிழமை சொன்னேனே. மீட்லோஃப் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நீயும் சரின்னுதானே சொன்னே."

எப்போதும் போல் ஒரு வாக்குவாதம் வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவள் வாதாடவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "அதுவும் போச்சா" என்று மட்டும் கேட்டாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அச்சைப் பெட்டியோடு அலமாரியின் அடித்தட்டில் தள்ளியவர் அதை ஒரு தடவைகூடச் சூடாக்கவில்லை.

பிப்ரவரியில் மறதிக்காகக் காட்டப் போனபோது டாக்டரம்மா இங்க்ரிட், வீட்டில் பொழுதுபோக்காக என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். டெல்மர் தயங்கித் தயங்கிக் குண்டு வார்ப்பதைச் சொல்ல, இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். காரீய அளவு மூன்று நான்குக்கு மேல் போகக்கூடாதாம். டெல்மருக்கு ஒன்பது. காரீயத்தைத் தொடவே தொடாத ரோவீனாவுக்கு முப்பத்தெட்டு.

சல்லடைக் கதையைக் கேட்டதும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் மருந்திலேயே காரீயம் உண்டு. சுட்டபின் அது உறைக்குள் கரியாக ஒட்டியிருக்கும். குலுக்கும்போது தூளில் இறங்கும். சலிக்கும்போது மூச்சில் ஏறும். மறதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், தூசியை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பார்த்தால்தான் தெரியும் என்றார். டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரோவீனாவோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப இது விஷமா இருக்கலாமா, டாக்டர்? வெறும் விஷம்?"

உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது என்பதை அப்படிச் சந்தோஷமாகக் கேட்ட ஒருத்தியைத் தான் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார்.

அன்றைக்கே எந்திரமும் சல்லடையும் குப்பைக்குப் போயின. டெல்மர் முட்டி போட்டு, துவைக்கும் அறையை ஈரத்துணியால் நாலு நாள் துடைத்தார். உறைகளைக் கொல்லையில் தண்ணீரிலேயே அலச ஆரம்பித்தார். ஆனால் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டால், அவள் மறந்தவற்றில் ஒன்றாவது குறையும். சொன்னால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளை, நாளை என்று தள்ளினார்.

மே மாதம் அளவு பதினாறுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது ரோவீனா ஐந்தையும் ஒப்பித்தாள். ஆனாலும் வீடு வரும்வரை காரில் வாயே திறக்கவில்லை. ஐந்து சொல்லை நம்பிவிடலாமா என்று யோசிக்கிறாள் போல என்று டெல்மர் நினைத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேரே அலமாரிக்குப் போய், அடித்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்ல, டெல்மர்."

அவர் கார் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை மீட்லோஃப்னு சொன்னே. அந்த வாரம் நான் ஸ்போகேன்ல தங்கச்சி வீட்ல இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம்தான் வந்தேன். நீ நாலு நாளும் டின் சூப்பு குடிச்சுட்டு, பாத்திரத்தைக்கூட கழுவாம வெச்சிருந்தே."

எல்லாம் சரி. சூப்புப் பாத்திரம் முதற்கொண்டு சரி. டெல்மர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லல. பொய்தான் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"தெரியும். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை, அழுதுவிட்டார். ரோவீனா சமாதானம் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து திட்டத் தொடங்கினாள். இந்த அச்சில் ஆரம்பித்து, இதற்கு முன் சொல்லாமல் வாங்கிய இரண்டு அச்சுகள், விற்றுவிட்டதாகச் சொல்லி அண்ணன் வீட்டில் ஒளித்து வைத்த ரைபிள், கல்யாண நாளை மறந்துவிட்டு மான் வேட்டைக்குப் போன வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கிழமையோடு எடுத்து வைத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.